கோயிலுக்கு அப்பாலும் ஒரு தீவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவுக்குச் செல்வது பற்றிப் பல ஊர்களிலிருந்தும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில், தனுஷ்கோடி என்ற இரண்டோடு நின்றுவிடாமல், அங்கு வாழும் மக்களின் தொழில்களைப் பற்றியும் சிலர் கேட்டிருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. அக்கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மாமனார், மாமியாருடன் இராமேசுவரம் செல்லவிருக்கிறோம். காலையில் தீர்த்தமாடித் தரிசனம் முடித்து, மதியம் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு, இரவே ரயிலேறிவிடலாம் என்கிறார் என் கணவர். இரண்டு நாள் தங்கும் அளவுக்கு அங்கே என்ன இருக்கிறது? (வாசகி, திருப்பூர்)

முதியவர்களை அழைத்துச் செல்வதால், இரண்டு நாள் தங்கியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அக்கினி தீர்த்தக் கடலில் நீராடி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் சென்று, 22 தீர்த்தங்களிலும் ஒவ்வொரு வாளி நீரைத் தலையில் ஏற்று, பிறகு உலர்ந்த துணிக்கு மாறித்தான் சந்நிதிக்குச் செல்ல முடியும். இளைஞர்களுக்கே உடல் தளர்ந்துவிடும் வேலை இது. அதை முடித்த கையோடு பெரியவர்களை உச்சிவெயிலில் தனுஷ்கோடி மணலில் நிறுத்துவது பக்திக்கும் நன்றன்று, உடலுக்கும் நன்றன்று. விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனத்தையும் விரும்புவார்களானால், முந்தைய நாள் மாலையே தீவுக்கு வந்து உறங்கியிருக்க வேண்டும்.

முதல் நாளை முழுவதும் கோயிலுக்கே கொடுத்துவிடுங்கள். தூண்கள் அணிவகுக்கும் மூன்றாம் பிரகாரத்தைச் சுற்றி நடப்பதற்கே தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். தூண்களின் எண்ணிக்கையைச் சொல்லி வியப்பவர்கள் உண்டு. எனக்கோ அந்த நீளத்தின் முடிவில் மனிதர்கள் புள்ளியாகத் தெரிவதுதான் வியப்பு. மாலையில் ராமர் பாதம் இருக்கும் கந்தமாதன பர்வதத்துக்குச் செல்லுங்கள். அது தீவின் உயர்ந்த மேடு. மேல்தளத்தில் நின்றால் ஊரும் கடலும் ஒரே பார்வையில் அடங்கும்.

இரண்டாம் நாள் காலையில் தனுஷ்கோடி. திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயில். மதியம் ஓய்வு. மாலையில் பேக்கரும்பில் உள்ள அப்துல் கலாம் நினைவகத்தையும், தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள் அமைந்த வில்லூண்டித் தீர்த்தத்தையும் பார்க்கலாம். சிறு பாலத்தின்மீது நடந்து சென்று, சுற்றிலும் உப்புக்கடல் இருக்க நடுவில் ஊறும் நன்னீரை உங்கள் மாமியார் ஒரு கை அள்ளிப் பருகட்டும். உங்கள் பயணத்தில் அவர் நெடுநாள் நினைவில் வைத்திருப்பது ஒருவேளை அதுவாகவே இருக்கும்.

கேள்வி: தனுஷ்கோடியில் ஒருபுறம் கடல் குளம்போல் இருக்கிறது, மறுபுறம் சீறுகிறது என்கிறார்களே, உண்மையா? எந்த மாதம் சென்றால் நல்லது? அங்கே குளிக்கலாமா? (வாசகர், சேலம்)

உண்மைதான். தீவின் வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அவ்வூர் மக்கள் அமைதியான வடபுறத்தைப் பெண்கடல் என்றும், அலை மிகுந்த தென்புறத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பாம்பன் மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். ஆனால் எந்தப் புறமும் ஆண்டு முழுவதும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். மழைக்காலத்தில் வாடை பிடித்துவிட்டால், குளம்போல் கிடந்த வடகடலே புரண்டு எழும். மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பத் தங்கள் படகுகளை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு மாற்றிக்கொள்வதற்குக் காரணமும் அதுவே.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களே பயணிக்கு ஏற்றவை. வெயில் கடுமையாக இராது. சதுப்புகளில் பூநாரைகளும் வந்து இறங்கியிருக்கும்.

தனுஷ்கோடியின் கடைசி நிலமுனையான அரிச்சல்முனையில் குளிக்கவே கூடாது. இரண்டு கடல்களின் நீரோட்டங்களும் சந்திக்கும் இடம் அது. கரையிலிருந்து நான்கு அடி தள்ளிக் காலூன்றினாலே மணல் சரியும். முழங்கால் வரைதானே என்று இறங்கியவர்களையும் அது இழுத்திருக்கிறது. நீராட வேண்டுமானால் அக்கினி தீர்த்தம் இருக்கிறது.

அங்கு செல்வது இப்போது எளிதாகிவிட்டது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குப் போடப்பட்ட சாலை 2017இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மணலிலும் சேற்றிலும் வேன்களே போய்வந்தன. அவற்றை ஓட்டிப் பிழைத்த குடும்பங்கள் பல. மாலையில் காவல்துறையினர் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், விடிந்ததும் புறப்படுவதே நல்லது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காலையில்தான் கரைவலை இழுப்பார்கள். படகில் சென்று அரைவட்டமாக வலையை விரித்து வந்தபின், இரு முனைக் கயிறுகளையும் பிடித்து ஆணும் பெண்ணுமாகக் கரையிலிருந்து இழுக்கும் அந்த வேலை சில மணி நேரம் நீளும். கடைசியில் மடி கரை ஏறும்போது சூடையும் காரலும் நெத்திலியும் வெள்ளியாகத் துள்ளும். கயிற்றைப் பிடிக்கலாமா என்று கேட்டால், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அனுமதி கேட்காமல் அவர்கள் முகத்தருகே கைப்பேசியை நீட்டாதீர்கள்.

1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலோடு தனுஷ்கோடி ஊரே அழிந்தது. இடிந்த தேவாலயச் சுவர்களின்மீது ஏறி நின்று படமெடுப்பவர்களைக் காணும்போது எனக்கு மனம் வலிக்கிறது. அங்கே சிப்பியும் மணியும் விற்கும் பெண்களில் சிலர், அந்த இரவில் உறவினரை இழந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

கேள்வி: சென்ற முறை கோயில் வீதியில் வலம்புரிச் சங்கு என்று ஒன்றை வாங்கினோம். போலி என்று இப்போது சொல்கிறார்கள். எப்படி அறிவது? பவளப்பாறைத் துண்டு வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

கடையில் குவிந்து கிடக்கும் சங்குகள் எல்லாம் இடம்புரி. அதே இனத்தில் மிக அரிதாகச் சுழல் எதிர்த்திசையில் அமைந்து பிறப்பதே வலம்புரி. அத்தனை அரிய பொருள் அடுக்கடுக்காகக் கடையில் இருக்க வழியில்லை. வெளிநாட்டுக் கடல்களில் இயல்பாகவே எதிர்த்திசைச் சுழலோடு வளரும் வேறொரு நத்தையினம் உண்டு. அதன் ஓட்டைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்பது நடக்கிறது. வாய்ப்பகுதியின் உள்ளே, நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடலின் உண்மையான சங்கில் அந்தத் தண்டின்மீது வரப்புப்போல மூன்று நான்கு மடிப்புகள் இருக்கும். போலியின் தண்டு வழவழப்பாக இருக்கும். அதன் ஓடு நம் சங்கைக் காட்டிலும் மெல்லியது. கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும்.

பவளப்பாறையை வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். பவளம், கடல்விசிறி, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்கு சிப்பிகள் ஆகியவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. விற்றவருக்கு மட்டுமன்றி வைத்திருப்பவருக்கும் அது குற்றம். அதற்குப் பதிலாகச் சாதாரணப் பால்சங்கை வாங்குங்கள். சங்கு அறுத்து, தேய்த்து, மெருகேற்றி வளையலும் மோதிரமும் செய்யும் கைவினைஞர்களின் பொருள்களைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தில் வார்த்து வெளியூரிலிருந்து பெட்டியில் வரும் பிசின் பொம்மைகளும் அதே கடைகளில்தான் இருக்கின்றன; இது இங்கே செய்ததா என்று ஒரு கேள்வி கேட்டாலே, கடைக்காரர் உள்ளேயிருந்து நல்லதை எடுத்துக் காட்டுவார். பனை ஓலைப் பெட்டிகள், கொட்டான்கள், கருப்பட்டி ஆகியவையும் இம்மாவட்டத்தின் நல்ல பொருள்கள்.

கேள்வி: மீன் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே வருகிறோம். எங்கே சாப்பிடுவது? (வாசகர், கோயம்புத்தூர்)

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தேடாதீர்கள். அங்கே பெரும்பாலும் சைவ உணவகங்களே. தனுஷ்கோடியில் மீனவக் குடும்பங்கள் நடத்தும் குடிசைக் கடைகளிலும், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துச் சிறிய உணவகங்களிலும் நல்ல மீன் கிடைக்கும். பட்டியலைப் பார்த்து வஞ்சிரம் வேண்டும் என்று கேட்பதைவிட, இன்று என்ன வந்தது என்று கேளுங்கள். விளமீன், பாறை, ஊளி, கணவாய், நண்டு என்று அன்று கரையேறியது எதுவோ அதுவே அன்றைக்குச் சுவையானது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. அப்போதும் நாட்டுப்படகுகள் செல்லும் என்பதால் மீன் அறவே இல்லாமல் போகாது. ஆனால் அளவு குறையும், விலை ஏறும். அந்த நாள்களில் விலையைக் கேட்டு முகம் சுளிக்காமல், கிடைப்பதை உண்பது நாட்டுப்படகுக்காரருக்குச் செய்யும் உதவி. தங்கள் வீட்டுக்குக் கருவாடு வாங்குவதானால், மணலில் கொட்டிக் காயவைத்ததை விட்டு, வலைப்பந்தலிலோ விரிப்பிலோ உலர்த்தியதைத் தேர்ந்தெடுங்கள். நெத்திலிக் கருவாடு விரலால் ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது என்று பொருள், ஊர் போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும்.

கேள்வி: பாம்பனில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பதாகப் படித்தேன். அதை நேரில் பார்க்க முடியுமா? அந்தப் பாசி எதற்குப் பயன்படுகிறது? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

இந்தக் கேள்வியை எழுதியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன். தீவுக்குப் பல்லாயிரம் பேர் வந்து போகிறார்கள். இந்தப் பெண்களைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே.

இங்கே இருவகைத் தொழில்கள் உண்டு. ஒன்று, கடலில் தானாக வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை போன்றவற்றைப் பாறைகளிலிருந்து பறித்து வருவது. கண்ணுக்குக் கண்ணாடி அணிந்து, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி எழுவார்கள். தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் செய்துவரும் தொழில் இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகு, அத்தீவுகளின் ஓரம் செல்வது தடையானது. வனத்துறையினருக்கும் இவர்களுக்கும் இடையே நெடுநாள் பிணக்கு ஏற்பட்டது. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி இப்பெண்களை ஒன்றுசேர்த்து உரிமை கேட்டதோடு, வளம் அழிந்துவிடாதபடி தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடுகளையும் வகுக்கத் துணைநின்றார். அதற்காக, தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடும் சீகாலஜி என்னும் அமைப்பின் 2015ஆம் ஆண்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

மற்றொன்று வளர்ப்பு. மூங்கிலால் 12 அடிக்கு 12 அடி மிதவை கட்டி, கயிறுகளில் கப்பாஃபைகஸ் என்னும் பாசியின் துண்டுகளை முடிந்து கடலில் விடுவார்கள். ஏறக்குறைய 45 நாளில் அறுவடை. உலர்த்திய பாசியிலிருந்து எடுக்கப்படும் கராஜீனன் என்னும் பொருள் ஐஸ்கிரீம், பற்பசை முதலியவற்றைக் கெட்டிப்படுத்தப் பயன்படுகிறது. இது பல குடும்பங்களுக்கு வருமானம் தந்திருக்கிறது. அதேவேளை, வெளிநாட்டிலிருந்து வந்த இப்பாசி குருசடைத் தீவருகே பவளப்பாறைகள்மீது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பயணக் கட்டுரைகளில் பாசி வளர்ப்பின் நன்மை மட்டுமே வருவதால், மாணவியான உங்களுக்கு இதையும் சொல்வது என் கடமை.

பார்க்க விரும்பினால், கடலில் அவர்களைப் பின்தொடராதீர்கள். மூச்சடக்கி வேலை செய்பவர்களுக்கு அது தொல்லை. பிற்பகலில் கரைக்கு வந்து பாசியைப் பிரித்து உலர்த்தும் நேரத்தில் சென்று பேசுங்கள். அன்றைக் கூலி எடையைப் பொறுத்தது என்பதால், நீண்ட நேரம் பேச்சில் நிறுத்தி வைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் மாடித் தோட்டத்துக்கு மல்லிகைச் செடி வாங்கியபோது, "இது தங்கச்சிமடத்துச் செடி" என்றார் கடைக்காரர். தீவில் மல்லிகையா? (வாசகி, சென்னை)

ஆம். மதுரை மல்லி என்று நாம் கொண்டாடும் குண்டுமல்லியின் நாற்றுகள் பெருமளவில் தங்கச்சிமடம் பகுதியில்தான் உருவாகின்றன. தண்டுகளை வெட்டி மணற்பாத்திகளில் நட்டு வேர் பிடிக்கச் செய்கிறார்கள். இளகிய மணல் என்பதால் பிடுங்கும்போது வேர் அறுபடுவதில்லை. நூறு நூறாகக் கட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, தமிழ்நாட்டின் பூ விளையும் ஊர்களுக்கெல்லாம் அனுப்புகிறார்கள். தீவுக்குச் செல்பவர்கள் தங்கச்சிமடத்தில் இறங்கி, தோட்டத்திலேயே நேரடியாக நான்கு செடி வாங்கி வரலாம். என் கணிப்பில் தீவிலிருந்து கொண்டுவரத்தக்க மிகச் சிறந்த பொருள் அதுதான். ஜூன் முதல் நவம்பர் வரை நடுவதற்கு ஏற்ற காலம். நட்ட செடி வளர்ந்தபின், ஆண்டுதோறும் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டுக் கவாத்து செய்யுங்கள். கோடையில் நன்றாகப் பூக்கும்.

கேள்வி: பழைய பாம்பன் பாலத்தில் இப்போது ரயில் போகிறதா? (வாசகர், விருதுநகர்)

இல்லை. 1914இல் திறந்த அப்பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. அருகில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பழையதில் நடுப்பகுதி இரு கைகளாகப் பிரிந்து மேலே விரிந்தது, புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை எழுகிறது. 1988இல் திறந்த சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் பார்ப்பது ஆபத்து. பாம்பன் கரையில் இறங்கி நின்று பார்க்கலாம்.

கேள்வி: பத்து வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள். கோயிலில் நின்று சலித்துவிடுவார்கள். அவர்களுக்கு என்ன காட்டலாம்? (வாசகி, மதுரை)

ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். வனத்துறையினர் தனுஷ்கோடிப் பக்கத்து மணலிலிருந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறார்கள். ஏறக்குறைய 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும். மார்ச், ஏப்ரலில் செல்வதானால், குஞ்சுகளைக் கடலில் விடும் நாளை வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கையளவு ஆமைக்குஞ்சு அலையை நோக்கி நகர்வதைப் பார்த்த பிள்ளை அதை மறக்காது. குருசடைத் தீவுக்கு வனத்துறையினர் நடத்தும் படகுப் பயணமும் உண்டு. காற்று மிகுந்தால் நிறுத்திவிடுவார்கள் என்பதால், அதையும் முன்கூட்டியே விசாரியுங்கள்.

பள்ளிவாசல் தெருவில் கலாம் பிறந்து வளர்ந்த வீட்டுக்கும் அழைத்துச் செல்லுங்கள். தீவில் இருக்கும்போது வானொலியில் 90.4ஐத் திருப்புங்கள். பாம்பனிலிருந்து ஒலிக்கும் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி அது. மீனவர்களுக்காக 2016இல் தொடங்கியது. காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று அறிவிப்பதைக் கேட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய்ச் சரிபார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டாகிவிடும்.

கேள்வி: நான் இந்தத் தீவிலேயே வாழ்பவன். கணவன் மனைவி இருவரும் உழைத்துக் கட்டிய வீட்டின் மாடியில் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட நினைக்கிறோம். பெரிய விடுதிகள் இருக்கும்போது எங்களிடம் யார் வருவார்கள்? (வாசகர், தங்கச்சிமடம்)

வருவார்கள் ஐயா. மேலே கடிதம் எழுதியிருப்பவர்களைப் பாருங்கள். அவர்கள் கேட்பவற்றில் பாதிக்கு மேல் விடுதிப் பணியாளரால் பதில் சொல்ல முடியாதவை. எந்தக் கடலில் இன்று அலை இல்லை, எந்தத் தோட்டத்தில் செடி நன்றாக இருக்கிறது, கரைவலை இழுப்பவர்கள் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

முதலில் முறைப்படி பதிவு செய்துகொள்ளுங்கள். வீட்டில் விருந்தினரைத் தங்கவைப்பதற்கென்று சுற்றுலாத் துறையில் தனித் திட்டம் இருக்கிறது. வருவோரின் அடையாளச் சான்றைப் பெற்றுப் பதிவேட்டில் எழுதுவது எல்லையோரத் தீவில் மிகவும் அவசியம். அறையைக் குளிரூட்டுவதில் செலவிடுவதற்கு முன், கழிவறையையும் தண்ணீரையும் கவனியுங்கள். தீர்த்தமாடி வருபவர்கள் ஈரத்துணியோடு படியேறுவார்கள். மாடியில் கொடிக்கயிறும், கால் மணலைக் கழுவ வாசலில் ஒரு குழாயும் இருந்தால் அவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். அதிகாலை நாலரை மணிக்குக் கோயிலுக்குப் புறப்படுபவர்களுக்காக, தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

தீவின் நிலத்தடி நீர், மணலுக்குள் தேங்கிய மழைநீர்தான். தனுஷ்கோடியில் சில அடி தோண்டினாலே நல்ல ஊற்று சுரப்பதும், அளவுக்கு மீறி இறைத்தால் அதே கிணறு உவர்த்துப்போவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் விருந்தினருக்குத் தெரியாது. வந்த அன்றே, கிணற்றடிக்கு அழைத்துச் சென்று, நீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று காட்டுங்கள். சைவ உணவு மட்டும் கொள்ளும் யாத்திரிகர்களுக்கும், மீன் விரும்பி வருபவர்களுக்கும் ஒரே நாளில் அறை கொடுக்க நேரும். சமையலுக்கு இரு தனி அடுப்பும் தனிப் பாத்திரங்களும் இல்லாமல் உணவு தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். தொடக்கத்தில் காலைச் சிற்றுண்டி மட்டும் போதும்.